பிலடெல்பியாவும் கீழூரும்

1778ஆம் ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ இரண்டு மாத முற்றுகைக்குப் பிறகு, புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சோழமண்டலக் கரையில் நிகழ்ந்த எந்தப் பூசலும் அதற்குக் காரணம் அன்று. அவ்வாண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்டுக் கொண்டிருந்த 13 அமெரிக்கக் குடியேற்றங்களுடன் பிரான்சு உடன்படிக்கை செய்துகொண்டது. அட்லாண்டிக் கரையில் மூண்ட போர் வங்கக் கடல்வரை பரவியது. 1783 ஜூனில் கடலூருக்கு அருகே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதிய சண்டை, அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று. சமாதானச் செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த பின்னரே இங்கே பீரங்கிகள் ஓய்ந்தன. அவ்வாண்டின் வெர்சாய் உடன்படிக்கைப்படி புதுச்சேரி மீண்டும் பிரான்சுக்கு உரியதாயிற்று.

ஆக, அமெரிக்கர்கள் தங்களைத் தாங்களே ஆளும் உரிமையைப் பெறுவதற்கான போரில் புதுச்சேரியும் ஒரு விலை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை அவர்கள் எப்படி ஓர் அரசமைப்புச் சட்டமாக வடித்தார்கள், அதன் கோட்பாடுகள் யாவை, அந்த அளவுகோலை நம் ஊரின் ஆட்சிமுறைமீது வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருவூலம் காலியானபோது

அமெரிக்க அரசமைப்பைச் சுதந்திர வேட்கையின் குழந்தை என்று சொல்வது வழக்கம். பொருளியல் படித்தவனுக்கு அது ஒரு நிதி நெருக்கடியின் குழந்தையாகவும் தோன்றும். 1776இல் விடுதலையை அறிவித்த மாநிலங்கள், 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்கீழ் ஒன்றிணைந்தன. அவ்விதிகள் உருவாக்கிய மையப் பேரவைக்குப் போர் நடத்தும் பொறுப்பு இருந்தது. வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுக்காவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அச்சடித்த காகிதப் பணம் மதிப்பிழந்தது. இறக்குமதிமீது ஒரு சிறு தீர்வை விதிக்க அனைத்து மாநிலங்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது. ரோட் ஐலண்ட் என்னும் மிகச் சிறிய மாநிலம் மறுத்ததால் அந்தத் திட்டம் முடங்கியது.

1786இல் மாசசூசெட்ஸ் மாநில விவசாயிகள் வரிச்சுமையும் கடன்சுமையும் தாங்காமல், டேனியல் ஷேய்ஸ் என்ற முன்னாள் படை அதிகாரியின் தலைமையில் கிளர்ந்தெழுந்து நீதிமன்றங்களை இயங்கவிடாமல் தடுத்தனர். பணமில்லாத மைய அரசால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்தப் பின்னணியில்தான் 1787 மே முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் 12 மாநிலங்களின் 55 பிரதிநிதிகள் கூடி விவாதித்தனர். 39 பேர் கையெழுத்திட்டனர். ரோட் ஐலண்ட் அங்கும் வரவில்லை. 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றதும் அரசமைப்பு உயிர்பெற்றது. 1791இல் முதல் பத்துத் திருத்தங்கள் மூலம் அடிப்படை உரிமைகள் சேர்க்கப்பட்டன.

அடிப்படைக் கோட்பாடுகள்

அந்த அமைப்பின் முதல் கோட்பாடு, இறையாண்மை மக்களிடமே உள்ளது என்பது. மன்னரோ நாடாளுமன்றமோ அதன் ஊற்றுக்கண் அல்ல. மக்கள் எழுதிக்கொடுத்த அளவுக்குத்தான் அரசுக்கு அதிகாரம்.

இரண்டாவது, அதிகாரப் பிரிவினை. சட்டம் இயற்றுவோர், அதைச் செயற்படுத்துவோர், அதன்படி தீர்ப்பு வழங்குவோர் ஆகிய மூவரும் ஒரே கையாக இருந்தால் குடிமகனுக்குப் பாதுகாப்பில்லை என்பதை 1748இலேயே விரிவாக எழுதியவர் மொந்தெஸ்கியே என்ற பிரெஞ்சு அறிஞர். பிலடெல்பியாவில் அவர் பெயர் அடிக்கடி ஒலித்தது.

மூன்றாவது, பிரித்துக் கொடுத்தவற்றை ஒன்றையொன்று கட்டுப்படுத்தச் செய்தல். பேரவை நிறைவேற்றும் சட்டத்தை அதிபர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் பேரவை அந்த மறுப்பை முறியடிக்கலாம். அதிபர் நீதிபதிகளை நியமிக்கலாம். செனட் ஒப்ப வேண்டும். ஆள்பவர் தேவர்கள் அல்லர், அவர்களுடைய ஆசையை இன்னொருவரின் ஆசையால்தான் தடுக்க முடியும் என்று ஜேம்ஸ் மேடிசன் வாதிட்டார். ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் அரசமைப்பை ஆதரித்து எழுதிய 85 கட்டுரைகளில் இந்தச் சிந்தனை திரும்பத் திரும்ப வருகிறது.

நான்காவது, கூட்டாட்சி. மைய அரசுக்கு எண்ணிச் சொல்லப்பட்ட அதிகாரங்கள், எஞ்சியவை மாநிலங்களுக்கு. மக்கள்தொகைக்கு ஏற்ப ஓர் அவை, மாநிலத்துக்கு இருவர் என்று சமமாக இன்னோர் அவை. ஐந்தாவது, அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கும் அதிகாரம். இது ஏட்டில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நிலைபெற்றது.

இவை அனைத்துக்கும் அடியில் ஓடும் நீரோட்டம் ஒன்று உண்டு: பணப்பையின் சுருக்குக் கயிறு மக்கள் தேர்ந்தெடுத்தவரின் கையில் இருக்க வேண்டும். வரி மசோதாக்கள் பிரதிநிதிகள் அவையில்தான் தொடங்க வேண்டும் என்று எழுதியது அதனால்தான். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்பது முழக்கமாக மட்டும் நின்றுவிடாமல் சட்டமாயிற்று.

இந்தக் கட்டடத்தில் விரிசல்களும் இருந்தன. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணி இடங்களைப் பகிர்ந்துகொண்ட ஏடு அது. அடிமை முறை ஒழிய ஓர் உள்நாட்டுப் போரும் 1865ஆம் ஆண்டின் திருத்தமும் தேவைப்பட்டன. பெண்களின் வாக்குரிமைக்கு 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. கோட்பாடு சரியாக இருந்தாலும் அது யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி தனியே நிற்கிறது. நம் ஊருக்கு வந்து சேரும் கேள்வியும் அதுவே.

அம்பேத்கர் சுட்டிய வேறுபாடு

நம் அரசமைப்பு அமெரிக்காவிடமிருந்து அடிப்படை உரிமைகளையும் நீதிமன்ற ஆய்வையும் பெற்றது, ஆட்சிமுறையைப் பெறவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசியல் நிர்ணய சபையில் அறிமுகப்படுத்திய அம்பேத்கர் இதற்கான காரணத்தை விளக்கினார். ஓர் ஆட்சிமுறையில் நிலைத்தன்மை, பொறுப்புடைமை இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இதுவரை கண்டறியப்படவில்லை. அமெரிக்க முறை நிலைத்தன்மையை மிகுதியாகத் தருகிறது. நாடாளுமன்ற முறையில் அமைச்சரவை ஒவ்வொரு நாளும் அவைக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் பொறுப்புடைமை மிகுகிறது. வரைவு இரண்டாவதைத் தேர்ந்தது.

எனவே குடிமகனைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தனித்தனியே மக்களிடம் அதிகாரம் பெற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துவது. மற்றொன்று, ஆள்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு நாள்தோறும் கணக்குக் கொடுப்பது. பொதுநிதியியல் பாடம் நடத்திய ஆண்டுகளில் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, செலவிடுபவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதுதான். புதுச்சேரியை எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினால் வகுப்பு முடிந்துவிடும், விடை முடியாது.

கீழூர் முதல் 1963ஆம் ஆண்டுச் சட்டம் வரை

இந்த மண்ணுக்கு வாக்குச் சீட்டு புதிதன்று. பிரெஞ்சிந்தியா 1871 முதல் பிரான்சு நாடாளுமன்றத்துக்குத் தன் பிரதிநிதியை அனுப்பியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடியவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே: பிரதிநிதித்துவ சபையினரும் நகரசபை உறுப்பினர்களும். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்ற பின் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது.

அந்த உடன்படிக்கையின் 2ஆவது பிரிவை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதில் அரசமைப்பு மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்றும் அது கூறுகிறது. 1979 ஜனவரியில் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை சென்றதும் இந்த உணர்வினால்தான்.

1962இல் நிறைவேறிய 14ஆவது திருத்தம், அரசமைப்பில் 239ஏ பிரிவைச் சேர்த்தது. இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா-தாமன்-தியூ, புதுச்சேரி ஆகிய ஐந்துக்கும் சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைக்க அது வழி செய்தது. 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் அதற்கு உடல் கொடுத்தது. இமாசலம் 1971இலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972இலும், கோவா 1987இலும் மாநிலங்களாயின. பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்த மிசோரமும் அருணாசலப் பிரதேசமும்கூட 1987இல் மாநிலங்களாயின. ஓடம் அக்கரை சேர்ந்துவிட்டது. புதுச்சேரி மட்டும் இக்கரையில் நிற்கிறது. 2019இல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமாக்கப்பட்டபோது 239ஏ ஏற்பாடு அங்கும் பொருந்தும் என்று சட்டம் கூறியது. ஆகவே இது இனி நம் ஊரின் கவலை மட்டும் அன்று.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை பணப்பை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதுச்சேரியின் நிதிநிலை அறிக்கை குடியரசுத் தலைவரின் முன் அனுமதி பெற்ற பிறகே சட்டமன்றத்துக்கு வருகிறது. நடைமுறையில் அது மத்திய அரசின் அனுமதி. அரசமைப்பின் 280ஆவது பிரிவின்படி அமைக்கப்படும் நிதி ஆணையம், மத்திய வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கைப் பரிந்துரைக்கிறது. புதுச்சேரி மாநிலம் அல்லாததால் அந்தப் பந்தியில் அதற்கு இலை இல்லை. மத்திய உள்துறை வழியாக வரும் மானியமே அதன் வழி. ஆனால், சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தைப் பொறுத்தவரை, சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் மாநிலமாகவே கருதப்படுகிறது. வரி விதிக்கும்போது மாநிலம், வரியைப் பங்கிடும்போது யூனியன் பிரதேசம் என்ற இந்த இரட்டை நிலைக்குப் பொருளியலில் நியாயம் தேடுவது கடினம்.

இரண்டாவது சோதனை பிரதிநிதித்துவம். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30 பேர். அவர்களோடு மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். 2017இல் மாநில அமைச்சரவையைக் கலக்காமல் மூவர் நியமிக்கப்பட்டபோது வழக்கு எழுந்தது. நியமனம் செல்லும், நியமன உறுப்பினர்கள் நிதிநிலை அறிக்கையிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரி 22 அன்று ஓர் அரசு நம்பிக்கை கோரிய நாளில், அவையில் இருந்த 26 பேரில் ஆளுந்தரப்பில் பேரவைத் தலைவர் உட்பட 12 பேர். எதிர்த்தரப்பில் 14 பேர், அவர்களில் மூவர் நியமனம் பெற்றவர்கள். அந்த அரசு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதன் பெரும்பான்மை கரைந்ததற்கு உறுப்பினர்களின் பதவி விலகல்களும் காரணம். எனினும், நியமனம் பெற்ற மூவரின் வாக்கு ஓர் அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்தது என்பதே கவனிக்கத்தக்கது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். அங்கே தெரிந்த வேறுபாடு, மக்களின் அரசைக் கவிழ்க்கும் வாக்கில் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது சோதனை கருத்து வேறுபாடு. சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் அது குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படும்; அவசரமானால் இடைக்காலத்தில் துணைநிலை ஆளுநரே முடிவெடுக்கலாம். இலவச அரிசியை அரிசியாகவே கொடுப்பதா, அதற்கு ஈடான பணத்தை வங்கிக் கணக்கில் போடுவதா என்ற கேள்வி இவ்வழியே தில்லி சென்றது. அமைச்சரவை அரிசி என்றது, முடிவு பணம் என்று வந்தது. பொருளியலாளர்கள் இரு பக்கமும் நியாயம் சொல்வார்கள். ஆனால் ஒரு குடும்ப அட்டைதாரரின் அடுப்பங்கரை வரை எட்டும் அந்த முடிவைத் தவறென்று கருதுபவர் தேர்தலில் யாரைக் கேட்பது? அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அளித்த தீர்ப்பை, 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. எல்லை எங்கே என்பது இன்றும் தெளிவாக வரையப்படவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அமெரிக்க முறையில் மறுப்பதிகாரம் கொண்ட அதிபர், மக்கள் வாக்கின் வழியே வந்தவர். அவரது மறுப்பை அவை முறியடிக்க முடியும். நாடாளுமன்ற முறையில் நிர்வாகம் அவைக்குப் பதில் சொல்லும். புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அல்லர்; சட்டமன்றத்துக்குப் பதில் சொல்பவரும் அல்லர். கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது ஒருபக்கக் கட்டுப்பாடு. சச்சரவு வந்தால், துணைநிலை ஆளுநரை அனுப்பிய மத்திய அரசே நடுவர். இரண்டு முறைகளின் பாதுகாப்பும் இல்லாத ஓர் இடைவெளியில் நாம் நிற்கிறோம். ஆட்சியிலும் பதவியிலும் யார் அமர்ந்தாலும் இந்த இடைவெளி மாறுவதில்லை. ஆகவே இதைத் தனிமனிதர்களின் குணக்கோளாறு என்று சுருக்கிவிட முடியாது.

1787இன் மற்றோர் ஆவணம்

பிலடெல்பியா மாநாடு நடந்துகொண்டிருந்த அதே கோடையில், ஜூலை 13 அன்று, பழைய பேரவை இன்னொரு சட்டத்தை இயற்றியது. ஒகையோ நதிக்கு வடமேற்கே உள்ள நிலப்பரப்பை ஆளும் விதிகள் அவை. முதல் கட்டத்தில் ஓர் ஆளுநரும் நீதிபதிகளும் நியமிக்கப்படுவர். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை அமையும். ஆனால் ஆளுநரின் ஒப்புதலின்றி அதன் சட்டம் செல்லாது. சுதந்திரக் குடிகள் 60,000 ஆனதும் அப்பகுதி ஏனைய மாநிலங்களுக்கு எல்லா வகையிலும் நிகரான மாநிலமாகும். 1803இல் ஒகையோ அப்படி மாநிலமாயிற்று.

இந்தச் சட்டம் பழங்குடி மக்களின் நிலத்தின்மீது எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. என்றாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது: இடைநிலை என்றால் அதற்கு முடிவு உண்டு, அந்த முடிவுக்கான அளவுகோல் முன்பே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கில் புதுச்சேரி 1963 முதல் இரண்டாம் கட்டத்திலேயே நிற்கிறது. மூன்றாம் கட்டத்துக்கான அளவுகோல் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை சுமார் 12.48 லட்சம்; மாநிலங்களான மிசோரமில் சுமார் 10.97 லட்சம், சிக்கிமில் சுமார் 6.1 லட்சம்.

அமெரிக்காவும் தன் கோட்பாட்டை முழுமையாகக் காக்கவில்லை. 1898இல் ஸ்பெயினிடமிருந்து உடன்படிக்கையால் பெற்ற போர்ட்டோ ரீக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அங்கே வசிப்போருக்கு அதிபர் தேர்தலில் இன்றும் வாக்கில்லை. தலைநகர் வாஷிங்டனின் மக்களுக்கு அந்த வாக்கு 1961இல்தான் கிடைத்தது. பேரவையில் வாக்களிக்கும் உறுப்பினர் இன்றும் இல்லை. பிரதிநிதித்துவமின்றி வரி என்ற சொற்களையே அந்நகரத்தார் தங்கள் வாகனப் பலகைகளில் பொறித்துக்கொண்டு செல்கிறார்கள். நிகர்நிலைக்கான பாதை எழுதப்படாத இடங்களில் காத்திருப்பு நூற்றாண்டைத் தாண்டுகிறது என்பதே இதன் பாடம்.

செய்யக்கூடியவை

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பகுதி, சொந்த வருவாயில் தன் செலவை முழுதும் ஈடுசெய்ய இயலாது. மத்திய மானியம் தருபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. இது நியாயமான வாதம். மாநில அந்தஸ்து வந்தால் மானியத்தின் வடிவம் மாறும், கடன் கட்டுப்பாடு கடுமையாகும், சிக்கனம் தவிர்க்க முடியாததாகும். இதைச் சொல்லாமல் மாநில அந்தஸ்தை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்பது மக்களை ஏமாற்றுவதாகும். ஆயினும் கணக்குக் கேட்பதற்குத் தணிக்கைத் துறையும் மானிய நிபந்தனைகளும் உள்ளன. அதற்காக முடிவெடுக்கும் உரிமையையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மானியம் பெறும் மாநிலங்கள் பல. அவற்றின் சட்டமன்றங்களில் யாரும் மத்திய அரசின் நியமன உறுப்பினர்களை அமர்த்துவதில்லை.

மாநில அந்தஸ்து கோரி நம் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அது கைகூடும்வரை, அரசமைப்பைத் திருத்தாமலே, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாடாளுமன்றம் மூன்று மாற்றங்களைச் செய்யலாம். நியமன உறுப்பினர்கள் அமைச்சரவையின் பரிந்துரைப்படி நியமிக்கப்பட வேண்டும். நம்பிக்கைத் தீர்மானங்களில் அவர்களுக்கு வாக்கு கூடாது. எவ்வகைக் கருத்து வேறுபாடுகளைத் தில்லிக்கு அனுப்பலாம் என்பதை வரையறுத்து, முடிவுக்குக் காலவரம்பும், காரணங்களைச் சட்டமன்றத்தில் வைக்கும் கடமையும் சேர்க்க வேண்டும். மாநில நிலையை எட்டுவதற்கான நிபந்தனைகளை நிதி, நிர்வாகம், மக்கள் விருப்பம் என்ற தலைப்புகளில் எழுதிவைக்க வேண்டும். நிதிப் பங்கீட்டைப் பொறுத்தவரை, நிதி ஆணையத்தின் அளவுகோல்களையே அடிப்படையாகக் கொண்டு புதுச்சேரியின் மானியத்தைக் கணக்கிட மத்திய அரசு முன்வரலாம். மானியம் அப்போது ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் கொடையாக இராது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செய்கிறோம். அங்கே வாக்களித்த 178 பேரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரும் நியமிக்கப்பட்டவர் அல்லர். எந்த நாட்டோடு இணைவது என்ற மாபெரும் கேள்வியைத் தீர்மானிக்கத் தகுதியுள்ளவர்களாக அன்று கருதப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் நிதிநிலை அறிக்கையைத் தாங்களே தீர்மானிக்கத் தகுதியற்றவர்களாக இருக்க முடியாது.